களைந்த ஆடையும் காணாத திருமேனியும்: காவிரிப் படுகையில் அயல்நாட்டு ஆய்வு மாணவரின் காட்சிப் பண்பாட்டுக் கல்வி

ஆய்வுச் சுருக்கம்

காவிரிப் படுகையின் கோயில்களையும் செப்புத் திருமேனிகளையும் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வுக்குரிய பொருளாக எடுத்துக்கொண்டு அயல்நாடுகளிலிருந்து வந்தோரின் வரலாறு நூறாண்டுக்கும் மேற்பட்டது. வழிபாட்டில் ஒருபோதும் அவ்வாறு காட்சி தராத, ஆடை களைந்த திருமேனியே அவர்களுடைய கல்விக்கு அடிப்படைச் சான்றாக அமைந்தது. அத்தேர்வு எவ்வாறு உருவாயிற்று, சிலைத் திருட்டின் காலத்தில் அது எவ்வாறு எதிர்பாராத பயனைத் தந்தது, அலங்காரத்தையும் தரிசனத்தையும் ஆராய முற்பட்ட பிற்காலத் தலைமுறைக்கு எத்தகைய இடர்ப்பாட்டை விட்டுச்சென்றது என்பவற்றை நன்னிலம் வட்டாரத்தை மையமாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: காட்சிப் பண்பாடு, செப்புத் திருமேனி, அலங்காரம், ழூவோ துப்ரேய், ஒளிப்படக் காப்பகம், நன்னிலம், திருவாரூர், பத்தூர் நடராசர்

முன்னுரை

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூருக்குச் செல்லும் இருப்புப்பாதை 1894இல் தஞ்சாவூர் மாவட்ட போர்டின் முயற்சியால் அமைந்தது. நெல் ஏற்றுவதற்கும் வழிப்போக்கர் செல்வதற்குமாக இடப்பட்ட அந்தப் பாதை, பேரளம், பூந்தோட்டம், நன்னிலம் எனப் பாடல் பெற்ற தலங்கள் நெருங்கிக் கிடக்கும் ஒரு வட்டாரத்தை ஊடறுத்துச் செல்கிறது. படுகையின் கோயில்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, அளந்து, படமெடுக்க வேண்டிய ஒருவருக்கு இதனினும் வாய்ப்பான வழி அக்காலத்தில் வேறில்லை.

நன்னிலத்து மதுவனேசுவரர் கோயில் ஒரு மாடக்கோயில். உயர்ந்த தளத்தின்மேல் கருவறை அமைந்திருக்க, படியேறியே இறைவனைக் காண வேண்டும். கோச்செங்கணான் எழுப்பிய பெருங்கோயில் என்று சுந்தரர் தம் பதிகத்தில் இதனைக் குறிக்கிறார். ஊர்மக்களுக்கு இக்கோயில் யானை ஏற முடியாத கோயில். சிலந்தியாக இருந்து அரசனாகப் பிறந்தவன் கட்டிய கோயில். கட்டடக்கலை வரலாற்றாளர் முன்வைக்கும் வினாக்கள் வேறு. இன்று நிற்கும் கட்டுமானம் எந்த நூற்றாண்டினது, சுந்தரர் கண்ட கோயிலில் எஞ்சியது எது என்பன அவை. முன்னது பார்ப்போரின் நினைவைச் சார்ந்த அறிவு. பின்னது பொருளின் உறுப்புகளைச் சார்ந்த அறிவு. இவ்விரண்டில் எது கல்விக்குரியது என்று 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட முடிவு, அதன்பின் இப்பகுதிக்கு வந்த ஒவ்வோர் ஆய்வு மாணவரின் கண்ணையும் பழக்கியது.

ஓர் ஆய்வேடும் அதன் ஆசிரியரும்

படுகைக் கோயில்களைப் பற்றிய பல்கலைக்கழக ஆய்வின் தொடக்கமாகக் கருதத்தக்கது, காபிரியேல் ழூவோ துப்ரேய் பாரிசுப் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேடு. சைகோனில் 1885இல் பிறந்த அவர், 1909இல் புதுச்சேரிக்கு வந்து அங்கிருந்த பிரெஞ்சுக் கல்லூரியில் ஆசிரியரானார். தென்னிந்தியத் தொல்லியல் குறித்த அவருடைய நூல் 1914இல் கட்டடக்கலை, படிமவியல் என இரு தொகுதிகளாகப் பாரிசில் வெளிவந்தது. முதல் தொகுதியின் ஆங்கில வடிவத்தைச் சென்னையில் 1917இல் பதிப்பித்தவர் சா. கிருஷ்ணசுவாமி ஐயங்கார்.

அவருடைய முறை எளியது, ஆனால் வலியது. கல்வெட்டு இல்லாத கோயிலுக்கும் காலம் கூற இயலும் என்பதே அதன் உரிமைக்கோரல். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகை, கொடுங்கையின்மேல் வரிசையாக அமையும் கூடு, சுவரிலுள்ள கோட்டம், பஞ்சரம் ஆகியவை காலந்தோறும் வடிவம் மாறி வந்தன. பல்லவர் காலத்துத் தரங்கப் போதிகையும் பிற்காலத்தில் மொட்டுப்போல் தொங்கும் பூப்போதிகையும் ஒரே உறுப்பின் இரு நிலைகள். இம்மாற்றங்களை வரிசைப்படுத்திய அவர், 600 முதல் 850 வரை, 850 முதல் 1100 வரை, 1100 முதல் 1350 வரை, 1350 முதல் 1600 வரை, அதன்பின் இன்றுவரை என ஐந்து காலங்களை வகுத்தார். இப்பகுப்பைத் திருத்தியோர் பலர். முற்றிலும் கைவிட்டோர் சிலரே.

உறுப்புகளின் பெயர்களுக்கும் அவற்றின் பயனுக்கும் அவர் நாடியது வாழும் ஸ்தபதிகளை. அவருடைய ஆய்வேட்டில் மிகவும் பாராட்டத்தக்க செய்தி இதுவே. பின்வந்தோர் விரைவில் மறந்ததும் இதுவே. ஸ்தபதிகளிடம் ஒரு கலைவரலாறு முன்னரே இருந்தது. ஆவுடையார்கோயில் கொடுங்கை, திருவலஞ்சுழிப் பலகணி, நன்னிலத்துக்கு அண்மையிலுள்ள திருவீழிமிழலையின் வௌவால் நெற்றி மண்டபம் போன்ற சிலவற்றை மட்டும் தம்மால் செய்ய இயலாதவை என விலக்கி, மற்றவற்றுக்கு உடன்படிக்கை எழுதுவர் என்பது அவர்களிடையே வழங்கிவரும் செய்தி. கைத்திறனின் எல்லையை அளவுகோலாகக் கொண்டு கோயில்களைத் தரம்பிரிக்கும் ஒரு பார்வை இது. ஆய்வேடு அவர்களிடமிருந்து சொற்களை எடுத்துக்கொண்டது. இந்தத் தரவரிசையை எடுத்துக்கொள்ளவில்லை.

அவ்வாய்வு ஏன் வெளிச்சுவரையும் தூண்தலையையும் இவ்வளவு சார்ந்திருந்தது என்பதற்குக் கொள்கை சார்ந்த விடையோடு நடைமுறை சார்ந்த விடையும் உண்டு. இந்து அல்லாதவர் கொடிமரத்துக்கு அப்பால் செல்லக் கூடாது என்பது பல கோயில்களில் இன்றும் பலகையில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் விதி. கருவறை விளக்கொளியில் பூவும் பட்டும் சூடிய இறைவனை அணுக இயலாதவருக்கு, பகலொளியில் நிற்கும் விமானத்தின் புறச்சுவர் திறந்த ஏடு. எட்டக்கூடியது எதுவோ அதுவே சான்றாயிற்று. செங்கல்லும் மரமும் கொண்டு எழுந்து, கல்லில் புதுப்பிக்கப்பட்ட மாடக்கோயில் போன்ற மரபுகள், கற்றளியின் உறுப்பு வளர்ச்சியை மட்டும் பின்பற்றிய இவ்வரிசையில் உரிய இடம் பெறாமற்போனதற்கும் இது ஒரு காரணம்.

துப்ரேயின் வாழ்வில் இன்னொரு பகுதி உண்டு. காஞ்சிபுரம் வட்டாரத்திலிருந்து யோகினிச் சிற்பங்கள் 1920களில் பாரிசுக் கலைப்பொருள் வணிகர் சி. டி. லூவைச் சென்றடைந்ததில் அவருக்குப் பங்கு இருந்தது. இன்று பல நாட்டு அருங்காட்சியகங்களில் சிதறிக்கிடக்கும் அச்சிற்பங்களின் பயணத்தைக் கலைவரலாற்றாளர் பத்மா கைமல் 2012இல் வெளியிட்ட நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். காலத்தையும் தரத்தையும் இனங்காணப் பயின்ற கண்ணே, எது விலைபோகும் என்பதையும் கண்டது. கைலாசநாதர் கோயில் ஓவியங்களை வெளிக்கொணர்ந்தவரும் அவரே என்பதால் அவரை வெறும் வணிகத் தரகர் என ஒதுக்குதல் பொருந்தாது. ஆயினும் இத்துறையின் கல்வியும் சந்தையும் ஒரே ஆளிடத்தில் தொடங்கின என்ற உண்மையைச் சுற்றிவளைத்துச் செல்லவும் இயலாது.

ஒளிப்படத்தில் கற்றல்

படுகைக்கு வராமலே இதன் திருமேனிகளைக் கற்றோரும் உண்டு. சிற்பி ரோடின் 1913இல் நடராசரைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, சென்னை அருங்காட்சியகத்துச் செப்புத் திருமேனிகளின் ஒளிப்படங்களைப் பார்த்து எழுதப்பட்டது. அவற்றுள் ஒன்று படுகையின் கடற்கரையூரான வேளாங்கண்ணியில் கிடைத்த நடராசர். அக்கட்டுரை ஆனந்த குமாரசுவாமி முதலியோரின் எழுத்துக்களோடு சேர்ந்து 1921இல் நூலாயிற்று. கொழும்பில் 1877இல் பிறந்து, இலண்டனில் நிலவியல் படித்த குமாரசுவாமி, நடராசத் தத்துவத்தைப் பற்றிய தம் கட்டுரையை 1912இல் முதலில் வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ‘சித்தாந்த தீபிகை’யில். சைவர்கள் சைவர்களுக்காக நடத்திய இதழில் தோன்றிய கருத்து, போஸ்டன் அருங்காட்சியகத்தின் வழியாகவும் பாரிசு நூலின் வழியாகவும் உலகக் கலைவரலாற்றின் பொதுச்சொத்தானபோது, திருமேனி ஒளிப்படத்திலும் பீடத்திலும் ஆடையின்றித் தனித்து நின்றது.

செப்புத் திருமேனி வார்ப்பிலேயே ஆடையும் அணியும் உடையது. இடையில் ஆடையின் மடிப்பு, தோளில் வாகுவலயம், மார்பில் முப்புரிநூல் யாவும் உலோகத்திலேயே உள்ளன. ஆயினும் கோயிலில் அதன்மேல் மீண்டும் பட்டு உடுத்தி, மாலை சூட்டி, கவசமும் பதக்கமும் சார்த்தியே இறைவன் எழுந்தருளுகிறார். திருமஞ்சனத்தின்போது கணநேரம் தெரியும் வடிவம் குருக்களுக்கும் அருகில் நிற்போருக்குமே உரியது. வீதியில் நிற்பவர் காண்பது முகத்தையும் அபயக்கரத்தையும் மலர்க்குவியலையும்.

இவ்விரட்டை உடுத்துதல் பிற்கால வழக்கம் என்று கருதுவதற்கு இடமில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் எழுந்தருளுவித்த திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டுக்கள் ஒவ்வொன்றின் உயரத்தையும் முழம், விரல், தோரை என அளந்து சொல்கின்றன. எத்தனை திருக்கரம், கனமாக வார்த்ததா பொள்ளலாக வார்த்ததா, பீடம் எத்தகையது என்பனவும் அவற்றில் உள்ளன. அடுத்து அத்திருமேனிக்கு வழங்கிய அணிகள் ஒவ்வொன்றும் பெயர் சுட்டப்பட்டு, பொன்னின் எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்றும், பதித்த முத்தின் எண்ணிக்கையும் வகையும் என்றும் விரிகிறது. பல திருமேனிகளுக்கு உடலைச் சொல்லும் பகுதியைவிட அணியைச் சொல்லும் பகுதி பலமடங்கு நீண்டது. 11ஆம் நூற்றாண்டுக் கோயிலதிகாரிகளைப் பொறுத்தவரை உலோக உடலும் அதன்மேல் ஏறும் பொன்னும் சேர்ந்ததே திருமேனி. அக்கல்வெட்டுக்களை ஹுல்ட்சு 1891 முதல் பதிப்பித்து வந்ததால், இச்செய்தி எந்த ஆய்வு மாணவருக்கும் மறைவாக இல்லை. ஆனால் அவை அரசியல் வரலாற்றுக்கும் பொருளாதார வரலாற்றுக்கும் பயன்பட்ட அளவுக்குப் பார்வையின் வரலாற்றுக்குப் பயன்படவில்லை.

காரணம் காலக்கணிப்பு. திருவெண்காட்டில் மண்ணிலிருந்து வெளிப்பட்டு இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ள இடபவாகனர், கல்வெட்டுச் சான்றால் 1011ஆம் ஆண்டைச் சார்ந்தவர் எனவும் உடனுள்ள தேவி அடுத்த ஆண்டினர் எனவும் அறியப்படுகின்றனர். இவ்வாறு ஆண்டு தெரிந்த திருமேனிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. மற்ற அனைத்தும் இவற்றோடு ஒப்பிட்டே காலம் பெற வேண்டும். ஒப்பீட்டுக்குரிய அடையாளங்களோ ஆடை மறைக்கும் இடங்களிலேயே உள்ளன: இடைக்கட்டின் முடிச்சு, முதுகில் விழும் சடை, தோளின் பின்புற அணி, சிரச்சக்கரம். கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் 1932இல் வெளியிட்ட சென்னை அருங்காட்சியகப் பட்டியல் முதல், சி. சிவராமமூர்த்தி, பி. ஆர். சீனிவாசன் ஆகியோரின் 1963ஆம் ஆண்டு நூல்கள், பிரித்தானிய அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட் 1965இல் எழுதிய முற்காலச் சோழர் செப்புத் திருமேனி நூல் வரை, இத்துறையின் பாடநூல்கள் யாவும் இந்த ஒப்பீட்டின்மேல் நின்றன. இங்கு அயலவர், உள்நாட்டவர் என்ற பிரிவு இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின்படி அருங்காட்சியகம் சேர்ந்த திருமேனிகளுக்கு உடுத்த எவரும் இல்லாததால், அங்கு அனைவரும் ஒன்றையே கண்டனர். வேறுபாடு கோயிலுக்கு வந்தபோதுதான் தோன்றியது. அங்கே ஆய்வாளரின் வேண்டுகோள் ஒன்றே: ஆடையைக் களைய வேண்டும்.

அவ்வேண்டுகோளுக்கு இசைவதோ மறுப்பதோ குருக்களின் மனநிலையையும், செயல் அலுவலரின் கடிதத்தையும், அன்று திருமஞ்சன நாளா என்பதையும் பொறுத்தது. ஓர் ஆய்வேட்டில் ஒரு திருமேனி இடம்பெற்று அதன் அண்டைக் கோயிலின் திருமேனி விடுபட்டிருப்பதற்குக் கலைத்தரம் மட்டுமே காரணம் எனக் கொள்வது பல நேரங்களில் பிழையாகும்.

சிவபுரமும் பத்தூரும்

கும்பகோணத்துக்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951இல் நடராசரும் பிற திருமேனிகளும் நிலத்தடியிலிருந்து கிடைத்தன. கோயிலிடம் ஒப்படைக்கப்பட்ட நடராசர் செப்பனிடுவதற்காக வெளியே சென்றபோது, திரும்பி வந்தது போலி. அதற்கே ஆண்டுதோறும் வழிபாடு நடந்தது. கோயிலில் உள்ளது போலி என்றும் மூலம் தனியார் சேகரிப்பில் உள்ளது என்றும் பாரெட்டின் 1965ஆம் ஆண்டு நூல் வெளிப்படுத்திய பின்னரே செய்தி உலகறிந்தது. மூலம் 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் நிறுவனத்தை அடைந்து, வழக்குக்கும் உடன்பாட்டுக்கும் பின் 1986இல் இந்தியாவுக்குத் திரும்பியது.

இந்நிகழ்ச்சி இக்கட்டுரையின் பொருளுக்கு ஒரு கடினமான வினாவை எழுப்புகிறது. அலங்காரம் திருமேனியை முழுமையாக்குகிறது என்று கூறுவது எளிது. சிவபுரத்தில் அலங்காரம் போலியையும் முழுமையாக்கியது. பட்டுக்கும் மாலைக்கும் கீழே இருப்பது எது என்பதை வழிபடுவோர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் அவர்களுக்கு இல்லை. ஆவாகனம் செய்யப்பட்ட வடிவில் இறைவன் உள்ளான் என்பதே அவர்களுக்குப் போதுமானது. உடுத்தாத வடிவைக் கூர்ந்து பயின்ற அயலவரின் கண் அங்கே ஊரின் கண் காணாததைக் கண்டது. அலங்காரத்தைப் புறக்கணித்த கல்வி என்று அம்முறையைக் குறைகூறுவோர் இதனை மறக்கலாகாது.

பத்தூர் நடராசரின் கதை மறுதிசையில் செல்கிறது. அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த சிவன் கோயிலருகே 1976இல் மண்ணிலிருந்து வெளிப்பட்ட திருமேனி, கைமாறி இலண்டன் சென்றது. பம்பர் என்ற நிறுவனம் அதனை 1982இல் வாங்கி, செப்பனிடப் பிரித்தானிய அருங்காட்சியகத்திடம் அளித்திருந்தபோது காவல்துறை கைப்பற்றியது. 1988இல் இலண்டன் உயர்நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் கோயிலின் உரிமையை ஏற்றன. இந்திய சட்டத்தில் சட்டவழி ஆளாகக் கருதப்படும் கோயில், இங்கிலாந்து நீதிமன்றத்திலும் வழக்காட இயலும் என்பது அத்தீர்ப்பின் சிறப்பு. சான்றாக முன்வைக்கப்பட்டவற்றுள் அத்திருமேனியில் ஒட்டியிருந்த மண், கரையான் தடம் ஆகியவற்றோடு, பத்தூரிலேயே கிடைத்த பிற திருமேனிகளுடன் செய்த நடை ஒப்பீடும் அடங்கும். தமிழகத் தொல்லியல் துறையின் இயக்குநராக விளங்கிய இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். அதுவரை ஆய்வேட்டின் அடிக்குறிப்பில் வாழ்ந்த ஒப்பீட்டு முறை, நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு உள்ளாயிற்று.

புதுச்சேரியின் ஒளிப்படங்கள்

இந்த ஒப்பீட்டை எவரும் செய்யக்கூடிய நிலையை உருவாக்கியது புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். ழான் ஃபிலியோசாவின் தலைமையில் 1955இல் தொடங்கிய அந்நிறுவனம், அடுத்த ஆண்டு முதல் தென்னிந்தியக் கோயில்களை ஊர்தோறும் படமெடுத்து வந்தது. இன்று அத்தொகுப்பில் 1,60,000க்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள் உள்ளன. சைவ ஆகமச் சுவடிகளைப் பதிப்பித்த அறிஞர் குழுவின் பணியோடு இணைந்தே இது வளர்ந்தது. ஆகமம் கூறும் வடிவத்தைக் கோயிலில் உள்ள வடிவத்தோடு ஒப்பிடுவது முதல் நோக்கம். பிரான்சுவாஸ் லெர்னோ 1978இல் வெளியிட்ட தமிழகத்து முருகன் படிமவியல் நூலும், 1987இல் வந்த தாராசுரம் நூலும் இச்சூழலில் பிறந்தவை.

படமெடுத்தவர்கள் திருட்டைத் தடுக்க நினைத்துப் படமெடுக்கவில்லை. ஆனால் அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தானிலிருந்து களவுபோன நடராசர் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தில் இருப்பது தெரியவந்தபோது, அடையாளத்தை உறுதிசெய்ய உதவியவை இந்நிறுவனத்தின் ஒளிப்படங்கள். 2014இல் அத்திருமேனி திரும்பியது. ஆடை களைந்து, நேர்முகமாக, பின்புறமாக எடுக்கப்பட்ட, வழிபாட்டு நோக்கில் பார்த்தால் முறைகேடான அப்படங்களே மீட்புக்கு வழியமைத்தன. பட்டும் மாலையும் சூடிய நிலையில் எடுத்த படம் எந்த நீதிமன்றத்திலும் பயன்பட்டிருக்காது.

அதே வேளையில் இக்காப்பகம் ஓர் ஏற்றத்தாழ்வையும் நிலைப்படுத்தியது. அமெரிக்க மாணவருக்கு 1950இல் கையெழுத்தான ஃபுல்பிரைட் உடன்படிக்கையும், 1961இல் தோன்றிய அமெரிக்க இந்தியவியல் நிறுவனமும், மதுரையில் தமிழ் கற்கும் வாய்ப்பும் கிட்டின. அந்நிறுவனம் 1983 முதல் வெளியிட்ட இந்தியக் கோயில் கட்டடக்கலைக் களஞ்சியம் இன்றும் அடிப்படை நூல். நன்னிலத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் ஒரு மாணவர் தம் ஊர்க் கோயிலைப் பற்றிய ஒளிப்படத்தைப் புதுச்சேரியிலும், ஆய்வேட்டைப் பிரெஞ்சிலோ ஆங்கிலத்திலோ, அதன் மூலப்படியைக் கடல்கடந்த நூலகத்திலும் தேட வேண்டியிருந்தது. தஞ்சையில் 1981இல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் சிற்பத்துறையும் கல்வெட்டியல் துறையும், திருச்சிராப்பள்ளி டாக்டர் மா. இராசமாணிக்கனார் வரலாற்றாய்வு மையம் வெளியிட்டுவரும் ‘வரலாறு’ ஆய்விதழும், குடவாயில் பாலசுப்ரமணியன் திருவாரூர், தாராசுரம் கோயில்களைப் பற்றித் தமிழில் எழுதிய விரிவான நூல்களும் இவ்விடைவெளியைப் பெரிதும் குறைத்துள்ளன. எனினும் அயல்நாட்டு ஆய்வேடுகளின் நூற்பட்டியலில் இத்தமிழ் நூல்கள் இடம்பெறும் விகிதம், அவற்றின் தகுதிக்கு ஏற்றதாக இல்லை.

தரிசனத்தைத் தேடி வந்த தலைமுறை

கலைவரலாறு என்ற பெயருக்கு மாற்றாகக் காட்சிப் பண்பாடு என்ற பெயர் பல்கலைக்கழகங்களில் 1980களின் இறுதியிலிருந்து பரவியது. 1989இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இப்பெயரையொட்டி முனைவர் பட்டத் திட்டமே தோன்றியது. யார் செய்தது, எப்போது செய்தது என்பவற்றோடு, யார் பார்த்தார், எவ்வாறு பார்த்தார், பார்க்க விடப்படாதவர் யார் என்ற வினாக்களும் சேர்ந்தன. சென்னைத் திரைப்படப் பதாகைகளும் சிவகாசி நாட்காட்டிகளும் ஆய்வுப்பொருளாயின. ரிச்சர்ட் டேவிஸ் 1997இல் எழுதிய இந்தியப் படிமங்களின் வாழ்வைப் பற்றிய நூல், பத்தூர் நடராசரை வார்ப்பின் காலத்தோடு நிறுத்தாமல் புதைவு, களவு, வழக்கு வரை பின்தொடர்ந்தது.

இவ்வணுகுமுறைக்குப் படுகையில் மிகச் சிறந்த இடம் திருவாரூர். தியாகராசர் திருமேனி எப்போதும் மூடப்பட்டே இருக்கும். காண்பது திருமுகம் மட்டும். மார்கழித் திருவாதிரையிலும் பங்குனி உத்திரத்திலும் பாத தரிசனம் கிட்டும். உறுப்பு ஒப்பீட்டுக்கு இத்திருமேனி எந்த வாயிலையும் திறப்பதில்லை. எனவே பழைய முறையில் பயின்றோருக்கு வியத்தகு கோயிலின் நடுவே ஒரு வெற்றிடமாக நின்ற இது, புதிய வினாக்களோடு வந்தோருக்குக் கோயிலின் மையமாயிற்று. அத்திருமேனியை முசுகுந்தன் இந்திரலோகத்திலிருந்து கொணர்ந்த கதையைத் தேவாசிரிய மண்டபத்து விதான ஓவியங்கள் தமிழ் எழுத்துக் குறிப்புகளோடு சொல்கின்றன. ஓவியர் சிங்காதனம் தம் பெயரையும் அங்கே பதித்துள்ளார். வி. கே. இராஜாமணியின் ஒளிப்படங்களோடு டேவிட் ஷுல்மன் 2011இல் வெளியிட்ட நூலும், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அன்னா சீஸ்ட்ராண்ட் 2013இல் அளித்த தென்னிந்தியச் சுவரோவிய ஆய்வேடும் இவ்வோவியங்களைப் பார்ப்பதற்கும் வாசிப்பதற்கும் உரியனவாகக் கொண்டன. இங்கே தமிழ் அறிவு களப்பணியின் வசதிக்காக மட்டும் தேவைப்படுவது அன்று. ஓவியத்தின் ஒரு பகுதியே எழுத்தாக இருப்பதால், தமிழ் எழுத்தை வாசிக்காதவர் படத்தின் ஒரு பகுதியைக் காணாதவர்.

கல்வெட்டுக்கும் இது பொருந்தும். முற்காலச் சோழர் கோயில்கள் பலவற்றை அரசர் கட்டியவையாகக் கொண்ட வழக்கத்தைக் கைமல் 1996இல் மறுபரிசீலனை செய்து, உள்ளூர்க் கொடையாளரின் பங்கை முன்னிறுத்தினார். திருநல்லம் என்ற கோனேரிராசபுரத்தில் கண்டராதித்தர் இலிங்கத்தை வழிபடும் காட்சியைச் செம்பியன் மாதேவி செதுக்குவித்திருப்பதும், கீழே அதனைக் கல்வெட்டு கூறுவதும், உருவும் எழுத்தும் ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் அரிய சான்று. எழுத்து இல்லையெனில் அவ்வுருவம் ஓர் அடியவர் மட்டுமே.

யாழ்ப்பாணத்திலிருந்து தில்லிக்குச் சென்று ஓவியமும் பின் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கலைவரலாறும் பயின்ற தா. சனாதனனின் பாதை, அயல்நாட்டு மாணவர் என்ற சொல்லின் பொருளையே சற்று மாற்றுகிறது. கடவுச்சீட்டால் அயலவர், மொழியாலும் வழிபாட்டு மரபாலும் அல்லர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் அவர் கற்பித்த கலைவரலாற்றில் தமிழ்ச் சொல்லாடல் பாடத்தின் மொழியாகவே விளங்கியது. இத்தகைய மாணவர் படுகைக்கு வந்தால் நுழைவு அனுமதியின் வரிசையில் வெளிநாட்டவராகவும் கொடிமரத்தருகே உள்ளூராராகவும் நடத்தப்படுவார் என்பது, அவ்விரு வேலிகளும் ஒரே அளவுகோலால் போடப்பட்டவை அல்ல என்பதைக் காட்டும்.

பூட்டிய அறை

தரிசனத்தை ஆராயும் முறை கைவந்தபோது, தரிசனத்துக்குரிய திருமேனிகளுள் பெரும்பகுதி ஊர்களை விட்டு நீங்கியிருந்தது. களவுக்கு அஞ்சி, போதிய காவலற்ற கோயில்களின் செப்புத் திருமேனிகளை அறநிலையத்துறை பாதுகாப்பு மையங்களுக்கு மாற்றியது. நன்னிலம், குடவாசல் வட்டாரங்கள் உள்ளிட்ட ஊர்களின் திருமேனிகளை ஏற்ற மையம் திருவாரூர்த் தியாகராசர் கோயிலில் உள்ளது. ஆயிரக்கணக்கான திருமேனிகள் அங்கே அடுத்தடுத்து நிற்கின்றன. பட்டு இல்லை, மாலை இல்லை, வீதி இல்லை. இலண்டனில் வழக்காடி மீண்ட பத்தூர் நடராசரும் ஊருக்குச் செல்லாமல் இம்மையத்திலேயே வைக்கப்பட்டார்.

இதைத் துறையின் குற்றம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. சிவபுரம் நடந்தது, பத்தூர் நடந்தது, சிறீபுரந்தான் நடந்தது. ஆனால் விளைவைப் பெயரிட்டுச் சொல்ல வேண்டும். 1932ஆம் ஆண்டுப் பட்டியலில் அருங்காட்சியகத் திருமேனிகள் நின்ற அதே நிலையில், இன்று வழிபாட்டுரிமை இழக்காத கோயில் திருமேனிகளும் நிற்கின்றன. ஒரு வேறுபாடு, அருங்காட்சியகத்தில் நுழைவுச்சீட்டு வாங்கியேனும் பார்க்கலாம். ஆடை களைந்த வடிவைக் காண விரும்பும் நடை ஆய்வாளருக்கும், உடுத்த வடிவைக் காண விரும்பும் காட்சிப் பண்பாட்டு மாணவருக்கும், பிறந்த ஊரின் இறைவனைக் காண விரும்பும் முதியவருக்கும் ஒரே கதவு மூடியுள்ளது. மூவரில் முதல்வருக்குப் புதுச்சேரியில் ஒளிப்படம் உண்டு. மற்ற இருவருக்கும் அது பயன்படாது.

கதவு திறக்கும் நாட்கள் உண்டு. திருவிழாவுக்கென ஊரார் எழுத்து மூலம் வேண்டினால், அலுவலர் ஒப்புதலோடும் காவலரோடும் சில திருமேனிகள் ஊர் சென்று திரும்புகின்றன. மையத்திலிருந்து வெறுமேனியாகப் புறப்படும் திருமேனி, கோயிலில் திருமஞ்சனம் கண்டு, பட்டுடுத்தி, மாலை சூடி வீதியுலா வந்து, மீண்டும் அனைத்தையும் களைந்து பதிவேட்டில் கையொப்பம் பெற்று அறைக்குள் செல்கிறது. ஓவியத்துறையோ சிற்பத்துறையோ தனித்துப் படிக்க இயலாத முழு நிகழ்வு அந்தச் சில மணி நேரத்தில் நடக்கிறது: பதிவேட்டில் உயரமும் எடையும், குருக்களின் கையில் ஆடை, ஓதுவாரின் வாயில் பதிகம், தோளில் சுமப்போரின் நடை, விளக்கொளியில் முகம். தஞ்சைக் கல்வெட்டு எழுதியவர் முழத்தையும் கழஞ்சையும் ஒரே கல்லில் பொறித்தது எதற்காக என்பது அங்கே நிற்பவருக்கு விளங்கும். ஆய்வு விசாவின் கால அளவோ, பல்கலைக்கழகப் பருவமோ, நல்கையின் தவணையோ ஊர்த் திருவிழா நாட்காட்டியைக் கேட்டு வகுக்கப்பட்டவை அல்ல. ஆனித் திருமஞ்சனத்துக்கு வர இயலாத மாணவர், மார்கழித் திருவாதிரைவரை காத்திருக்க வேண்டும்.